சாமிக் கட்டு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பதினைந்து பேர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மிணி. நடுவில் யார் யார் என்று நீங்கள் கேட்டால் எனக்குக் கணக்கு விட்டுப்போகும். பரீட்சை ஆபீசிலிருந்து மூன்று பேர்: அதிகாரி ஸ்டான்லி, கிளார்க் ஹேமலதா, காவலுக்கு வந்த போலீஸ்காரர் முனியப்பன். லாரி டிரைவர் ஷாஜகானோடு நாலு. எங்கள் மில் ஆட்களில் மானேஜர் தண்டபாணி, மெஷின் பார்க்கிற குழந்தைவேல், கேட் வாட்ச்மேன் பீட்டர், ஏழு ஆயிற்று. பெல்ட்டில் நின்ற பெண்கள் எட்டுப் பேர். மயிலாத்தாள், ஜோதிமணி, சுலோசனா, பேபி, ஆராயி, பெரிய சரஸ்வதி, சின்ன சரஸ்வதி, கடைசியாக வசந்தாமணி. மொத்தம் பதினைந்து. என்னைச் சேர்க்கவில்லை. எண்ணுகிறவள் தன்னை எண்ணிக்கொள்வது எங்கள் ஷெட்டில் வழக்கமில்லை.

இந்தப் பை உங்கள் காலை இடிக்கிறதா? இல்லையென்றால் சரி. உடுமலை ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து இதை மூன்று தடவை இடம் மாற்றிவிட்டேன். நான் அறிமுகமில்லாதவர்களிடம் பேசுகிறவள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்திலேயே இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்று பெயர். ஆனால் நீங்கள் "எங்கே போறீங்க?" என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை.

எங்களுடையது பேப்பர் மில். பெயர் வேண்டாம். பழைய பேப்பரைக் கரைத்துக் கூழாக்கிப் புதுப் பேப்பர் போடுகிற மில். பழைய நோட்டு, அட்டைப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் கட்டுக் கட்டாக வரும். பெண்கள் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று சணலை அறுப்பார்கள், பின்னைப் பிடுங்குவார்கள், பிளாஸ்டிக் கவரைப் பொறுக்கி எறிவார்கள். மிச்சம் பெல்ட்டில் போய்க் கரைக்கிற தொட்டியில் விழும். வீட்டு மிக்ஸியை ஒரு கிணறு அளவுக்குப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் தொட்டி. நான் ஐந்தாவது வரை படித்தவள். தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எத்தனை கட்டு உள்ளே போனது என்று இரும்புத் தூணில் சாக்பீஸால் கோடு போடுவேன். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாச்சம்மாள் என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான்.

தை மாதம் முதல் தடவையாகப் பரீட்சைத் தாள் லோடு வந்தது. திருத்தி முடித்த பழைய விடைத்தாள்கள். அதை மற்ற பேப்பர் மாதிரி போடக் கூடாது. ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது. ஆபீஸ்காரர்கள் நேரில் நின்று பார்த்து, எல்லாம் கரைந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். சீட்டில் இருநூற்று நாற்பது கட்டு என்றிருந்தது.

நான் எண்ணினது இருநூற்று முப்பத்தொன்பது.

தூணில் நாற்பத்தேழு ஐந்து, அப்புறம் நாலு கோடு. மூன்று தடவை விரலை வைத்து எண்ணினேன். மத்தியானம் மூன்று மணி. பெல்ட் நின்றுவிட்டது. பெண்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஸ்டான்லி ஐயா அச்சடித்த காகிதத்தை நீட்டி, "இருநூத்தி நாப்பதுன்னு போட்டாச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, கிளம்பலாம்" என்றார். கையெழுத்துத்தானே, போட்டிருந்தால் எல்லாரும் நாலு மணி பஸ்சுக்குப் போயிருப்பார்கள். ஆனால் கை எழுதவில்லை.

"சார், இருநூத்தி முப்பத்தொம்பதுதானுங்க" என்றேன்.

என் குரலை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டதாக மயிலாத்தாள் பிறகு சொன்னாள்.

அவ்வளவுதான். கேட்டை மூடினார்கள். போலீஸ்காரர் லாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அறுத்துப் போட்ட சணலை எண்ணலாம் என்று ஸ்டான்லி ஐயா சொன்னார். எண்ணினோம், முந்நூற்றுச் சொச்சம் வந்தது. சில கட்டுக்கு இரண்டு சுற்று போட்டிருந்தார்கள். சொச்சம் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். அதை எண்ணினது நான் இல்லை, குழந்தைவேல். பெண்களை ஒவ்வொருத்தியாக ஹேமலதா அம்மா அறைக்குள் கூட்டிப்போய்ச் சோதித்தாள். சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தார்கள்.

"ஏனுங்கக்கா, உங்க வாய்ல அந்த ஒரு கட்டு இருந்தா துப்பிருங்க. பஸ் போகுது" என்றாள் பெரிய சரஸ்வதி. எல்லாரும் சிரித்தார்கள். வசந்தாமணியும் சிரித்தாள்.

அப்புறம் போலீஸ்காரர் கேட் நோட்டை வாங்கிப் பார்த்தார். காலையிலிருந்து வெளியே போனது வசந்தாமணி மட்டும்தான். இரண்டு தடவை. பதினொன்று பத்துக்கு ஒரு தடவை, ஒன்று நாற்பதுக்கு ஒரு தடவை. வயிறு சரியில்லை, கேட்டுக்கு வெளியே இருக்கிற கழிவறைக்குப் போனேன் என்றாள். வீட்டில் யார் படிக்கிறார்கள் என்று கேட்டார். தங்கச்சி என்றாள். எந்தப் பரீட்சை என்றார். இந்தப் பரீட்சையேதான்.

சிரிப்பு நின்றுவிட்டது.

வசந்தாமணிக்கு முப்பத்தொரு வயது. புருஷன் இல்லை. தங்கச்சியைப் படிக்க வைக்கத்தான் எங்களோடு நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். "அக்கா, காலைல போட்ட சாமிக் கட்டை எண்ணுனீங்களா?" என்று கேட்டாள்.

சாமிக் கட்டு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் எங்கள் தொட்டியில் ஒரு ஆளுக்குக் கை போய்விட்டது. நான் சேருவதற்கு முந்தி. அதிலிருந்து தினமும் லோடில் முதல் கட்டை எடுத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சணல்கூட அறுக்காமல் குழந்தைவேல் அப்படியே தொட்டிக்குள் போடுவார். மெஷினுக்குப் பசி அடங்கட்டும் என்று ஒரு கும்பிடு போடுவோம். அப்புறம்தான் பெல்ட் ஓடும். அப்புறம்தான் நான் ஸ்டூலில் உட்காருவேன். அது சாமிக்குக் கொடுத்தது. கொடுத்ததை யாராவது எண்ணுவார்களா? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் எண்ணியதில்லை. மற்ற லோடுக்கெல்லாம் எடைதான் கணக்கு, என் கோட்டைச் சீட்டோடு யாரும் ஒத்துப் பார்த்ததில்லை.

அதையேதான் சொன்னேன். "சாமிக் கட்டு கணக்குல வராது, கண்ணு."

ஸ்டான்லி ஐயா திரும்பி, "அது என்ன கட்டு?" என்று கேட்டார்.

மானேஜர் நடுவில் வந்துவிட்டார். "ஒண்ணுமில்லீங் சார், காலைல பூசை போடுவாங்க, அதைச் சொல்றா" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. காலையில் அந்த மூன்று பேரும் மானேஜர் ரூமில் டீயும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அவங்க வர்றதுக்குள்ள சாமிக் கட்டைப் போட்டுரு குழந்தை" என்று சொன்னவரே மானேஜர்தான். ஆபீஸ்காரர் கண் முன்னால் இல்லாமல் ஒரு கட்டு உள்ளே போனது என்றால் அடுத்த வருஷம் லோடு வராது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் கேட்டது, எத்தனை எண்ணினாய் என்று. நான் எண்ணினதைச் சொன்னேன். எண்ணாததை எப்படிச் சொல்வது?

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஜோதிமணியும் இப்படித்தான் பார்த்தாள்.

ஆறரை மணிக்கு ஸ்டான்லி ஐயா சொல்லிவிட்டார். "இருநூத்தி நாப்பது வந்துச்சு, இருநூத்தி நாப்பது கரைஞ்சுது. அப்படித்தான் எழுத முடியும். ஒண்ணு காணோம்னு எழுதினா என் வேலை போயிரும்." மானேஜர் அவரைக் கும்பிட்டு, "அந்தப் பொம்பளைய இன்னிக்கே நிறுத்திடறேனுங் சார்" என்றார். என் இடத்தில் குழந்தைவேல் கையெழுத்துப் போட்டார். வசந்தாமணி தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யாரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பக்கத்து மில்லில் வேலை கேட்டுப் போனபோது, "பரீட்சைப் பேப்பர் எடுத்தவளா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் எந்த மில்லிலும் அவளைச் சேர்க்கவில்லை. இப்போது தேங்காய் மஞ்சி களத்தில் இருக்கிறாளாம். ஊறவைத்த மட்டையை அடித்து நார் எடுக்கிற வேலை. தங்கச்சி கடைசி வருஷப் படிப்புக்குப் போகவில்லை. அவளும் அதே களத்தில்தான்.

கண்டக்டர் போகிறார், கொஞ்சம் இருங்கள். பொள்ளாச்சி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் தம்பி? பதினொன்றேகாலா. போன வாரம் பதினொன்று ஐந்து.

எங்கே விட்டேன்? அதற்கப்புறம் ஒன்பதாவது நாள். ஒரு சின்ன வேன் வந்தது. ஏதோ பள்ளிக்கூடத்தின் பழைய நோட்டு, மொத்தமே பன்னிரண்டு கட்டு. குழந்தைவேல் முதல் கட்டைப் போட்டார், கும்பிட்டோம், பெல்ட் ஓடியது, நின்றது. நான் தூணைப் பார்த்துப் "பதினொண்ணு" என்றேன். வேன்காரர், "பன்னெண்டுங்க, நானே ஏத்தினேன்" என்றார். இல்லை, பதினொண்ணு என்றேன். பன்னெண்டு என்றார். பெல்ட்டில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள், புதிதாகச் சேர்ந்த ஒருத்தியோடு. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையில் இருந்த சாக்பீஸ் உடைந்துவிட்டது.

மறுநாளிலிருந்து குழந்தைவேல் முதல் கட்டைப் போடும்போது எட்டுப் பெண்களும் ஒரே குரலில் "ஒண்ணு!" என்று கத்துகிறார்கள். கும்பிடு போடுவதில்லை. இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான். நானும் ஒன்று என்றே கோடு போடுகிறேன். யாருக்கும் கை போகவில்லை.

அப்போதுதான் முடிவு செய்தேன். அன்றைக்கு யார் யார் காதில் முப்பத்தொன்பது என்று விழுந்ததோ, அவர்கள் ஒவ்வொருவர் காதிலும் நாற்பது என்று விழ வேண்டும். பதினைந்து பேருடைய பெயரையும் இந்தக் காகிதத்தில் எழுதினேன். வரிசையாகத்தான் போக வேண்டும். தாண்டிப் போனால் யாரோ விட்டுப்போவார்கள்.

முதலில் ஸ்டான்லி ஐயா. கோயம்புத்தூரில் அவருடைய ஆபீசில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். "இருநூத்தி நாப்பதுன்னுதானேம்மா இருக்கு. எல்லாம் சரியா இருக்கு. நீங்க நல்லாத்தான் எண்ணியிருக்கீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஹேமலதா அம்மாதான் தண்ணீர் கொடுத்தாள். "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "அது கடைசில வருதுங்க" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

போலீஸ்காரரைத் தாராபுரத்தில் பிடித்தேன். அவர் சைக்கிள் ஸ்டாண்ட் கேஸ் என்று நினைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார்.

டிரைவர் அகப்படவில்லை. அவரை மட்டும் பிறகு என்று வைத்துவிட்டு மில் ஆட்களுக்கு வந்தேன். மானேஜர் நான் சொல்லச் சொல்லச் சிரித்தார். "அன்னிக்கே எனக்குத் தெரியும் அக்கா. ஆபீசருக்கு யாரையாச்சும் ஒருத்தரைக் காட்டித்தானே ஆகணும்? இப்ப அவ இடத்துல ஆள் போட்டாச்சு, திரும்பச் சேர்க்கச் சொல்லாதீங்க" என்றார். "நான் ஆளைக் கேக்க வரலீங்க, கணக்கைச் சொல்ல வந்தேன்" என்றேன். "அப்பச் சரி" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அவர் பெயருக்கு நேரே கோடு போட்டேன், அடுத்துக் குழந்தைவேலிடமும் சொல்லிப் போட்டேன்.

அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? அது என் வேலை இல்லையே அம்மிணி. யாரைச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது என்று நான் எப்போது பேசியிருக்கிறேன்?

வாட்ச்மேன் பீட்டர் கோபித்துக்கொண்டார். "அவ வெளிய போன நேரத்தை நானாவா எழுதினேன்? நீங்கதானே அன்னிக்குக் காலைல, போற வர்ற நேரத்தை நிமிஷத்தோட எழுதுன்னு சொன்னீங்க?" சொன்னேன், உண்மைதான். நேரம் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

பெண்கள் ஏழு பேரிடமும் ஒரே நாளில் சொல்லவில்லை. கூட்டத்தில் சொன்னால் யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்? ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு ஒருத்தி. மயிலாத்தாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவேயில்லை. "எனக்கெதுக்குச் சொல்றீங்க? என்ற வேலையா போச்சு?" என்றாள். பெரிய சரஸ்வதி, "அக்கா, உங்களுக்கு வழி தெரியலைன்னா சொல்லுங்க, கரட்டுப்பாளையம் பிரிவு, நாலாம் நம்பர் பஸ்சு நிக்கும்" என்றாள். எனக்கு வழி தெரியும். இந்த பஸ்சும் நிற்கும்.

ஆமாம், வழியில்தான். இன்னும் இரண்டு ஸ்டாப். வலது பக்கம் ரோட்டை ஒட்டியே களம். மஞ்சி மலை மாதிரிக் குவிந்திருக்கும், பார்க்காமல் போக முடியாது. நான் எப்போதும் இடது பக்க ஜன்னலில்தான் உட்காருவேன்.

ஞாயிற்றுக்கிழமையும் களம் உண்டு. வாரம் ஏழு நாளும் உண்டு.

நான் போவது பொள்ளாச்சிக்கு. டிரைவர் ஷாஜகான் வீடு அங்கேதான். இது நாலாவது ஞாயிற்றுக்கிழமை. மூன்று தடவையும் அவர் வீட்டில் இல்லை, கேரளா லோடு. அவர் முடிந்தால்தான் வசந்தாமணி. போன வாரம் அவர் மனைவி போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள். ஆனால் போனில் சொன்னால் சொன்னதாகுமா? முகத்தைப் பார்த்து...

என்ன செய்கிறீர்கள்? வேண்டாம் அம்மிணி. நம்பர் இந்தக் காகிதத்தில் சும்மா எழுதி வைத்தது. வேண்டாம், அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். மணி அடிக்கிறதா? எடுத்துவிட்டாரா?

ஹலோ. ஷாஜகான் தம்பிங்களா? நான் பேப்பர் மில்லுங்க. நாச்சம்மா. இல்லீங்க, லோடு இல்லீங்க. கணக்கக்கா. ஆமாங்க, அந்தத் தூண் அக்காதான். தம்பி, தை மாசம் நீங்க பரீட்சைத் தாள் லோடு கொண்டாந்தீங்கல்லங்க? நான் அன்னிக்கு இருநூத்தி முப்பத்தொம்பதுன்னு சொன்னேனுங்க. உங்க வண்டிக்கு அடில எல்லாம் தேடினாங்க. அது தப்புங்க. இருநூத்தி நாப்பதுங்க. முதக் கட்டை நான் எண்ணலை. நான் எண்ணலீங்க தம்பி. என்ற தப்புங்க.

ஆமாங்க. அதுக்குத்தானுங்க நாலு வாரமா வந்தேன்.

அவகிட்டயா? இன்னும் இல்லீங்க.

இல்லீங்க.

சரிங்க. வச்சிடறேன்.

இந்தாருங்கள் உங்கள் போன். என்ன சொன்னாரா? முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "எனக்கு எதுக்கும்மா சொல்றீங்க, நான் லாரிக்காரன்" என்றார். கோடு போட வேண்டும். பேனா எங்கே வைத்தேன்? வண்டி இப்படி ஆடினால் கோடு நேராக வராது. பரவாயில்லை, கோணலாக இருந்தாலும் கோடுதான்.

இப்போது பொள்ளாச்சிக்குப் போய் என்ன செய்வது? டிக்கெட் வாங்கியிருக்கிறேனே. அவர் மனைவிக்காவது ஒரு வார்த்தை... இல்லை, அவள் அன்றைக்கு அங்கே இல்லை. அவள் காகிதத்தில் இல்லை.

வசந்தாமணியிடம் மற்றவர்களிடம் சொன்ன மாதிரிச் சொல்ல முடியாது, தெரியுமா? முப்பத்தொன்பது இல்லை நாற்பது என்று அவளிடம் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது? அவள்தானே அன்றைக்கு எனக்கே அதைச் சொன்னாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது வேறே ஏதோ. பதினான்கு பேரிடம் சொல்லிச் சொல்லியும் அது எனக்குப் பழகவில்லை. மானேஜரிடம் திரும்பப் போக வேண்டியிருக்கும். இந்தத் தடவை கணக்கோடு போக முடியாது. ஆளைக் கேட்கத்தான் போக வேண்டும். கூடவே அவளும் நிற்பாளா என்று முதலில் அவளைக் கேட்க வேண்டும். வரமாட்டேன் என்று சொன்னால், நான் தனியாகப் போவேனா? போவேன் என்று இப்போது சொல்கிறேன். உங்களிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் கேட்டீர்கள்.

கண்டக்டர் என்ன கத்துகிறார்? கரட்டுப்பாளையமா?

விசில் அடிக்கச் சொல்லுங்கள் அம்மிணி, எனக்குக் குரல் எழும்பாது. தம்பி! நிறுத்துங்க! இருக்கட்டும், டிக்கெட் போனால் போகட்டும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், பையை எடுத்துக்கொள்கிறேன். பதினைந்தில் பதினான்கு ஆயிற்று.

மிச்சம் ஒன்று.